நறுமணக் கூட்டு

அந்தியில் மலர்ந்த மல்லிகை மறுநாள் நண்பகலுக்குள் வாடுகின்றது. மணமும் அதனோடு போய்விடுகின்றது. எலுமிச்சைத் தோலைக் கிள்ளியவுடன் எழும் வாசம் சில நொடிகளில் மறைகின்றது. ஆனால், சென்ற கோடையில் கட்டிய வெட்டிவேர்த் தட்டியின்மேல் இவ்வாண்டு நீர் தெளித்தாலும் அது மணக்கின்றது. பாட்டியின் பெட்டியில் கிடக்கும் சந்தனத் துண்டு, பேரப்பிள்ளைகள் காலத்திலும் கல்லில் தேய்த்தால் மணம் தருகின்றது. ஒரு மணம் ஓடுகின்றது. மற்றொரு மணம் நிற்கின்றது. இவ்வேறுபாட்டின் காரணத்தை அறிந்தவர்க்கு, வீட்டிலேயே நல்லதொரு நறுமணத் தைலம் கூட்டிக்கொள்ளுதல் அரிய செயலன்று.

முதற்கண் இரண்டு சொற்களைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். பண்டைத் தமிழில் ‘நாற்றம்’ என்பது நறுமணத்தையே பெரிதும் குறித்தது. இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் மூக்கைப் பொத்திக் கொள்கின்றோம். சொற்களுக்கும் தாழ்வு வருவதுண்டு. மற்றொன்று ‘எண்ணெய்’. எள்ளின் நெய் எண்ணெய் ஆயிற்று. வடமொழித் ‘தைலம்’ என்பதும் ‘திலம்’ என்னும் எள்ளின் பெயரினின்று பிறந்ததே. ஆதலின் நீலகிரித் தைலம், சந்தன எண்ணெய் என நாம் வழங்குவன சொற்பொருள் நோக்கின் பொருந்தாப் பெயர்கள். அவற்றில் எள்ளும் இல்லை, நெய்ப்பசையும் இல்லை. நல்லெண்ணெயில் ஒரு துளியையும் ஆரஞ்சு எண்ணெயில் ஒரு துளியையும் ஒரு வெள்ளைத் தாளில் இட்டுப் பாருங்கள். முன்னது நீங்காக் கறையாகப் படியும். பின்னது சிறிது நேரத்தில் ஏறக்குறைய அடையாளமே இன்றிப் போய்விடும். இங்ஙனம் காற்றிற் கலந்து செல்வதனால் இவ்வகையை ஆவியாகும் எண்ணெய் என்பர். விலையுயர்ந்த மண எண்ணெயில் மலிவான சமையலெண்ணெயைக் கலந்து விற்பாரைக் கண்டறிவதற்கும் இத்தாட் சோதனை ஓரளவு உதவும்.

எல்லா மண எண்ணெய்களும் ஒரே விரைவில் ஆவியாவதில்லை. ஆரஞ்சு, எலுமிச்சை ஆகியவற்றின் தோலில் மிகுந்துள்ள லிமோனின் என்னும் பொருளின் மூலக்கூற்றில் பத்துக் கரி அணுக்களே உள்ளன. சந்தனத்தின் மணத்துக்குக் காரணமான சாண்டலாலில் பதினைந்து உள்ளன. வெட்டிவேரின் முதன்மையான மணப்பொருள்களும் இத்தகையனவே. சிறியதும் இலேசானதுமான மூலக்கூறு எளிதில் எழுந்து பறக்கும். பெரியது மெல்லவே எழும். நறுமணம் கூட்டுவோர் இதனைக் கருதியே எண்ணெய்களை முந்துவன, இடைநிற்பன, பின்னிற்பன என மூவகைப்படுத்துகின்றனர். ஆரஞ்சும் எலுமிச்சையும் முந்துவன. ஜெரேனியம், மரிக்கொழுந்து முதலியன இடைநிற்பன. சந்தனமும் வெட்டிவேரும் பின்னிற்பன. பின்னிற்கும் பொருள் தான் மெல்லச் செல்வதோடு, தன்னுடன் கலந்த பிறவற்றின் ஓட்டத்தையும் ஓரளவு தடுக்கின்றது. தனித்து ஓடும் மலர்மணம் சந்தனத்தோடு சேர்ந்தால் சற்றுத் தயங்கி நடக்கின்றது என்க.

இலையினின்றும் வேரினின்றும் எண்ணெய் எடுத்தல் பெரும்பாலும் வாலை வடித்தலால் நிகழ்கின்றது. நீலகிரியில் தைல மரத்தின் இலைகளைக் கலத்திலிட்டு நீராவி செலுத்துவர். ஆவி எண்ணெயைத் தன்னோடு தூக்கிச் சென்று, குளிர்ந்த குழாயில் நீராக மாறும்போது எண்ணெயை மேலே மிதக்க விடும். மலர்களின் செய்தி வேறு. ஏறத்தாழ 4,000 கிலோ ரோசா மலரை வடித்தால் ஒரு கிலோ எண்ணெய் கிடைக்கும். மல்லிகையோ சூட்டைச் சிறிதும் பொறாது. வடித்தால் அதன் இயல்பான மணம் கெடும். எனினும் மல்லிகைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. பறித்த பின்னரும் அது மணத்தை ஆக்கி வெளியிட்டுக்கொண்டே இருக்கின்றது. இதனை அறிந்த முன்னோர், தோல் நீக்கிய எள்ளையும் மலரையும் அடுக்கடுக்காகப் பரப்பி, வாடிய பூவை அகற்றிப் புதுப்பூவை இட்டு, மணம் ஏறிய எள்ளைச் செக்கிலிட்டு ஆட்டினர். இக்காலத்தில் மதுரை, சத்தியமங்கலம் முதலிய இடங்களில் விளையும் மல்லிகையை எக்சேன் என்னும் கரைப்பானில் ஊறவைத்து, மெழுகு போன்ற சத்தைப் பிரித்தெடுக்கின்றனர். ஆயிரம் கிலோ மலருக்கு மூன்று கிலோ அளவே இது கிடைக்கும். நம் ஊர்ப் பூவின் மணம் இவ்வாறு கடல் கடந்து அயல்நாட்டுச் சீசாக்களிலும் குடியேறியிருக்கின்றது.

வடநாட்டில் கங்கைக் கரையை அடுத்துள்ள கன்னோசி நகரத்தார் கண்ட முறை இவை அனைத்தினும் நுட்பமானது. பெரிய செப்புப் பானையில் மலரும் நீரும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி, அடியில் தீ எரிப்பர். பானையிலிருந்து செல்லும் மூங்கிற் குழாய், நீர்த்தொட்டியில் அமிழ்ந்துள்ள மற்றொரு செப்புக்கலத்தில் சென்று முடியும். அக்கலத்தில் முன்பே சந்தன எண்ணெய் இடப்பட்டிருக்கும். மலரின் ஆவி நேரே அவ்வெண்ணெயிற் புகுந்து தங்கிவிடும். நாள்தோறும் புதுமலரிட்டு, எண்ணெய் நிறைவுறும்வரை இவ்வாறே வடிப்பர். இங்ஙனம் ஆவதே அத்தர். சுட்ட மண்ணை வடித்து, முதன்மழையின் மண்வாசனையையும் அவர்கள் சந்தன எண்ணெயில் பிடித்து வைக்கின்றனர். 2014ஆம் ஆண்டில் கன்னோசி நறுமணப் பொருளுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. தீயின் அளவைக் கருவி கொண்டு அறியாமல், பானையைத் தொட்டும் குழாயின் ஒலியைக் கேட்டும் அறியும் தொழிலாளரின் பயிற்சியை ஏட்டுக் கல்வி ஒன்றே தந்துவிட இயலாது.

அத்தரின் உயிர்நிலை சந்தனம் என்பது இதனால் விளங்கும். அந்தச் சந்தனமே இன்று அருகி வருகின்றது. சந்தன மரம் தன் வேரை அண்டை மரங்களின் வேரோடு பிணைத்து, அவற்றிடம் நீரும் உணவும் பெற்று வளர்வது. ஆதலின் துணைமரங்கள் இன்றி அது செழிப்பதில்லை. மணம் உள்ளது அதன் வைரத்தில் மட்டுமே. பட்டையிலும் வெளிற்றிலும் இல்லை. நன்கு வைரம் பாய இருபது, முப்பது ஆண்டுகள் செல்லும். திப்பு சுல்தான் 1792இல் சந்தனத்தை அரசுக்குரிய மரமாக ஆக்கினார் என்பர். முதல் உலகப் போரின்போது சந்தனக் கட்டைகள் ஐரோப்பாவுக்குச் செல்ல வழியின்றித் தேங்கவே, மைசூர் அரசு தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கியது. தன் நிலத்தில் முளைத்த மரத்தின்மீதும் தனக்கு உரிமை இல்லை என்ற நிலையில் எவர் அதனை நட்டு வளர்ப்பார்? 2001இல் கருநாடகமும் 2002இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, நிலமுடையார்க்கே மரத்தை உரிமையாக்கின. அதற்குள் ஜவ்வாது மலை முதலிய காடுகளில் திருட்டுக் கோடரி தன் வேலையைப் பெரிதும் முடித்துவிட்டது. உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 1998ஆம் ஆண்டிலேயே இம்மரத்தை அழியும் நிலைக்கு உள்ளாகக்கூடியவற்றுள் ஒன்றாகக் குறித்தது. விலை ஏறவே, கன்னோசியிலும் பலர் சந்தன எண்ணெய்க்கு மாற்றாகக் கல்லெண்ணெயினின்று பெறும் திரவப் பாரபினைப் பயன்படுத்தலாயினர்.

நாம் வீட்டில் கூட்டும் தைலத்துக்குச் சந்தனம் வேண்டுவதில்லை. பின்னிற்கும் பொருளாக வெட்டிவேரே போதும். அது ஒரு புல்லின் வேர். கடலூர்க் கரையோர மணற்பாங்கில் செழித்து விளைகின்றது. ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் அகழ்ந்து எடுக்கலாம். மணத்தில் சந்தனத்தின் இனிமை இதற்கு இல்லை. ஈரமண்ணின் குளிர்ச்சி உண்டு. நீடித்து நிற்பதில் சந்தனத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

கூட்டுவதற்கு அளவே முதன்மையானது. சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி நீராடிய நீரில் ஊறவைத்த பொருள்கள், துவர் பத்து, விரை ஐந்து, ஓமாலிகை முப்பத்திரண்டு என எண்ணிச் சொல்லப்பெறுகின்றன. கி.பி. 6ஆம் நூற்றாண்டினரான வராகமிகிரர் ‘பிருகத் சம்கிதை’ என்னும் வடநூலில் நறுமணக் கலவைக்கென ஓர் இயலே வகுத்தார். அகில், சந்தனம், கோரைக்கிழங்கு முதலிய பதினாறு பொருள்களைப் பதினாறு கட்டங்களில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவும் தந்தார். முதல் நிரையில் 2, 3, 5, 8. இரண்டாவதில் 5, 8, 2, 3. மூன்றாவதில் 4, 1, 7, 6. நான்காவதில் 7, 6, 4, 1. குறுக்கே கூட்டினும், நெடுக்கே கூட்டினும், மூலைக்கு மூலை கூட்டினும் 18 ஆதல் காண்க. பதினாறில் நான்கைத் தேர்ந்து, அவற்றை ஒன்று முதல் நான்கு வரையுள்ள பங்குகளில் மாற்றி மாற்றிக் கலந்தால் 43,680 கூட்டுகள் பிறக்கும். கணக்குப் பாடத்தில் நாட்டமுள்ள மாணவர்கள் அத்தொகையைத் தாமே சரிபார்த்துக் கொள்ளலாம். நமக்கு இப்பொழுது ஒரு கூட்டுப் போதும்.

பழுப்பு நிறக் கண்ணாடிச் சீசா ஒன்று, பத்து மில்லிலிட்டர் கொள்வது, கழுவி ஈரமின்றி உலர்த்தியது வேண்டும். நெகிழிச் சீசா ஆகாது. மண எண்ணெய்கள் சிலவகை நெகிழியைக் கரைக்கும். முதலில் வெட்டிவேர் எண்ணெய் இரண்டு துளி விடுக. அது பாகுபோல் தடித்திருக்குமாதலின் பொறுமை வேண்டும். அடுத்து மரிக்கொழுந்து எண்ணெய் ஒரு துளி. ஒன்றுக்கு மேல் விட்டால் அதுவே மற்றவற்றை அடக்கி ஆளும். பின்னர் ஜெரேனியம் நான்கு துளி. ரோசாவை ஒத்த மணமும் எளிய விலையும் உடையது இது. கடைசியாக ஆரஞ்சு மூன்று துளி. ஆகப் பத்துத் துளி. இருபது துளி ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர் ஆதலின், இது அரை மில்லிலிட்டர். சீசாவை மெல்லச் சுழற்றிக் கலந்தபின், எஞ்சிய இடத்தை வாதுமை எண்ணெயால் நிரப்புக. மணம் நீக்கிய தேங்காய் எண்ணெயும் பொருந்தும். ஆனால் மார்கழிக் குளிரில் உறையும். நல்லெண்ணெய் தன் மணத்தையே முன்னிறுத்தும். இங்கு அது வேண்டா. இவ்வாறு செய்த தைலத்தில் மண எண்ணெய் நூற்றுக்கு ஐந்து பங்கு இருக்கும்.

அன்றே முகர்ந்து பார்த்துக் குறை கூறுதல் கூடாது. புதுக்கூட்டில் ஆரஞ்சு ஒருபுறமும் மண்வாசம் ஒருபுறமும் தனித்தனியே நிற்கும். இருளான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்தால் ஒன்றோடொன்று இணங்கும். கடையில் விற்கும் வாசனை நீர் எரிசாராயத்தில் கரைக்கப்பட்டதாகலின், பூசியவுடன் அறை முழுதும் பரவும். எண்ணெயிற் கூட்டியது அவ்வாறு ஓடிப் பரவாது. அணிந்தவரின் அருகில் வந்தார்க்கே புலப்படும். என் கருத்தில் இதுவே நாகரிகமான மணம். எரிசாராயத்தில் செய்து பார்ப்போம் என்று பெயிண்டுக் கடைச் சாராயத்தை வாங்குதல் கூடாது. அதில் நச்சுத்தன்மையுள்ள மெதில் ஆல்ககால் கலந்திருக்கும்.

‘இயற்கைப் பொருள்தானே’ என்று எண்ணி ஏமாறுவார் பலர். மண எண்ணெய் என்பது கூடை கூடையாக இலையையும் பூவையும் சுருக்கிய சாறு. கலப்பின்றி மேனியில் பூசினால் எரிச்சலும் தடிப்பும் உண்டாகலாம். இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் இவ்வகையில் கொடியன. அவற்றைத் தொடக்கநிலையில் உள்ளார் தவிர்க்க. பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெயைப் பூசி வெயிலிற் சென்றால் தோல் புண்ணாகிக் கருக்கும். நன்கு கலந்த தைலமாயினும், முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பொறுத்திருந்து பார்த்தபின்னரே பயன்படுத்துக. எந்த மண எண்ணெயையும் உட்கொள்ளலாகாது. தலைவலிக்குத் தடவுகின்றோமே என்று நீலகிரித் தைலத்தைக் கைக்கெட்டும் தட்டில் வைக்கும் இல்லங்கள் பல. சிறு குழந்தை அதனைக் குடித்தால் சிறிதளவாயினும் வலிப்பும் மயக்கமும் நேரக்கூடும். பூட்டி வைக்கவேண்டிய பொருள் அது. வாங்கும்போது சீசாவின்மேல் தாவரப் பெயர் உள்ளதா என்று நோக்குக. ‘மேற்கிந்தியச் சந்தனம்’ என விற்பது சந்தனமே அன்று; அமிரிசு என்னும் வேறொரு மரம். விளக்குக்கும் ஊதுவத்திக்கும் என்று விற்கும் வாசனை எண்ணெய்கள் மேனிக்கு உரியன அல்ல.

தைலம் இணங்கும் மூன்று வாரத்தில் ஓர் ஆய்வு செய்யலாம். மூன்று தாட்கீற்றுகளை எடுத்து, ஒன்றில் ஆரஞ்சு, ஒன்றில் ஜெரேனியம், ஒன்றில் வெட்டிவேர் என ஒவ்வொரு துளி இட்டுப் பெயரும் நேரமும் எழுதுக. அரைமணிக்கு ஒருமுறை முகர்ந்து, கண்டதைக் குறித்துவைக்க. மூக்குச் சலித்தால் காப்பிக்கொட்டையை முகரச் சொல்வர் சிலர். வாயிலுக்கு வந்து தூய காற்றை உட்கொண்டாலே தெளியும். ஆரஞ்சுக் கீற்று ஓரிரு மணியில் வெறுந்தாள் ஆகிவிடும். ஜெரேனியம் மாலைவரை தாக்குப்பிடிக்கும். வெட்டிவேர்க் கீற்றை மட்டும் பாடநூலுக்குள் வைத்துவிடுக. அடுத்த வாரம் அப்பக்கத்தைத் திறக்கும்போதும் அது மணந்துகொண்டிருக்கும்.