பாடத்திட்டத்துக்கு முன் பெயர்ப் பட்டியல்

இந்த முறை ஆண்டிறுதி விடுமுறை மூன்றே வாரம்தான். டிசம்பர் 20ஆம் தேதி தொடங்கியது ஜனவரி 11ஆம் தேதியோடு முடிகிறது. மறுநாள் திங்கட்கிழமை சிலாங்கூரில் 2026ஆம் பள்ளியாண்டின் முதல் மணி அடித்துவிடும். கோவிட் காலத்தில் தடம் மாறி மார்ச்சிலும் பிப்ரவரியிலும் தொடங்கிக்கொண்டிருந்த பள்ளியாண்டு ஒருவழியாக ஜனவரிக்கே திரும்பியிருக்கிறது. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் பெற்றோர் சீருடைக்கும் கறுப்புக் காலணிக்கும் அலைகிறார்கள். பள்ளித் தொடக்க உதவியாக அரசு கொடுக்கும் 150 ரிங்கிட் ஒரு பிள்ளைக்கு எதுவரை தாங்கும் என்பது அவர்கள் கணக்கு. பள்ளி திறக்கிற அதே வாரத்தில் பொங்கலும் வருகிறது.

இதே மூன்று வாரத்தில் சத்தமில்லாமல் வேறொரு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவர், ஓராண்டு அனுபவம் மட்டுமே உள்ள இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்.

அது என்ன கணக்கு என்று தெரிய, கிள்ளானை ஒட்டிய பண்டமாரானையே எடுத்துக்கொள்ளலாம். அவசரகாலத்தில், 1950 வாக்கில், வேலி போட்டுக் குடியேற்றிய சீனப் புதுக்கிராமமாகத் தொடங்கிய இடம் இது. நாட்டின் பெரிய புதுக்கிராமங்களில் ஒன்று. இன்று அதைச் சுற்றிக் குடியிருப்புகள், தொழிற்சாலைகள், கொள்கலன் லாரிகள். துறைமுகம் கூப்பிடு தூரம். சிம்பாங் லீமா தமிழ்ப்பள்ளி, பெர்சியாரான் ராஜா மூடா மூசா தமிழ்ப்பள்ளி போன்றவற்றில் ஆறாம் ஆண்டு முடிக்கும் பிள்ளைகள், ஜனவரியில் மலாய் வழியில் நடக்கும் தேசிய இடைநிலைப்பள்ளிக்குள் நுழைகிறார்கள். மலேசியாவில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு தமிழ் ஒரு பாடம் மட்டுமே. அதுவும் தானாக வந்துவிடாது.

1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. தேசியப் பள்ளியிலோ தேசிய இடைநிலைப்பள்ளியிலோ குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால், சீனமோ தமிழோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டும் என்பதுதான் இதில் முக்கியம். ஆகவே புதிய தமிழாசிரியருக்கு ஆண்டின் முதல் வேலை ஆண்டுப் பாடத்திட்டமோ நாள் பாடத்திட்டமோ அல்ல; பெயர்ப் பட்டியல்தான். முதலாம் படிவத்தில் தமிழ்ப்பள்ளியிலிருந்து எத்தனை பேர் வருகிறார்கள், அவர்களில் யார் யார் தமிழ் எடுக்கப் போகிறார்கள், மலாய்மொழியில் பின்தங்கிப் புகுமுக வகுப்புக்குப் போகிறவர் எத்தனை பேர், கால அட்டவணையில் இடம் கிடைக்குமா அல்லது பள்ளி முடிந்த பிறகுதான் வகுப்பா என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே தெரிந்தாக வேண்டும்.

பல்கலைக்கழகம் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. தஞ்சோங் மாலிமில் 1922இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி 1997இல் பல்கலைக்கழகமான சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கல்வியில் பட்டம் பெற்று வருகிறவர்கள் இலக்கணம் அறிந்தவர்கள், கற்பித்தல் உத்திகள் அறிந்தவர்கள். ஆனால் கால அட்டவணை போடும் துணை முதல்வரிடம் போய், "மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வைத்தால் பள்ளிப் பேருந்துப் பிள்ளைகள் யாரும் இருக்கமாட்டார்கள்" என்று எடுத்துச் சொல்ல எந்தப் பாடநூல் கற்றுத்தரும்? முதல் ஆண்டு கிடைத்த நேரத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தவர், இரண்டாம் ஆண்டு வாய் திறந்து கேட்க வேண்டும். கேட்பது நல்ல தமிழாசிரியரின் வேலையில் பாதி என்றே சொல்லலாம்.

பெற்றோரிடம் கேட்பது அதைவிடக் கடினம். "தமிழ் எடுத்தா ரிசல்ட் கெட்டுப்போயிடும் டீச்சர், அறிவியல் பிரிவுக்குப் போகணும்" என்ற பேச்சு கிள்ளான் வட்டாரத்தில் புதிதல்ல. ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வில் எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கை எப்போதுமே இங்கே உணர்ச்சிக்குரிய விஷயம். 2009இல் பத்துப் பாடம் மட்டுமே என்று அறிவிப்பு வந்ததும் தமிழும் தமிழிலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று சமூகம் கொதித்தெழுந்தது. கடைசியில் பத்தோடு இரண்டு கூடுதல் பாடம் எடுக்கலாம் என்று அரசு இறங்கிவந்தது. அன்று இரண்டு இடத்தைப் போராடி வாங்கிய சமூகம், இன்று அதை நிரப்பத் தயங்குவது வேடிக்கைதான்.

பட்டியல் சேர்ந்துவிட்டால் அடுத்த கேள்வி, வருகிற பிள்ளைகள் யார் என்பது. இதில் 2026ஆம் ஆண்டுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. அதைக் கவனித்தவர்கள் குறைவு.

ஜனவரியில் முதலாம் படிவத்தில் உட்காரப் போகிறவர்களில் பெரும்பாலோர் 2013இல் பிறந்தவர்கள். 2020 ஜனவரியில் முதலாம் ஆண்டில் அடியெடுத்து வைத்தவர்கள். பையும் தண்ணீர்ப் புட்டியுமாகப் பள்ளிக்குப் போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. ஜூலை 22ஆம் தேதி பள்ளி திறந்தது, நவம்பர் 9ஆம் தேதி மீண்டும் மூடியது. அடுத்த ஆண்டு மார்ச் 1ஆம் தேதி திறந்து, ஆண்டின் நடுவில் மறுபடியும் மூடி, அக்டோபரில்தான் கட்டங்கட்டமாக உயிர் வந்தது. 247 எழுத்துகளையும் கையைப் பிடித்து எழுதவைத்துப் பழக்க வேண்டிய இரண்டு ஆண்டுகள், கைப்பேசித் திரையில் கழிந்துபோயின. பல வீடுகளில் இருந்தது ஒரே கைப்பேசி. அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு எட்டு மணிக்கு அவர் திரும்பிய பிறகுதான் ஆசிரியர் காலையில் அனுப்பிய பாடம் பிள்ளை கைக்கு வரும்.

அந்தப் பிள்ளைகள் இப்போது பதின்மூன்று வயதுக்குள் நுழைகிறார்கள். அவர்களுக்கு ஆறாம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு இல்லை, அது 2021இல் கைவிடப்பட்டது. மூன்றாம் படிவத்தில் பி.டி.3 தேர்வும் இல்லை. அது 2022இல் போனது. வகுப்புசார் மதிப்பீட்டில் ஆசிரியர் போடும் ஒன்று முதல் ஆறு வரையிலான அடைவுநிலையும் ஆண்டிறுதித் தேர்வும்தான் கண்ணாடி. தேர்வைத் தூக்கியதில் தவறில்லை. பன்னிரண்டு வயதில் முத்திரை குத்துவது நல்லதல்ல. ஆனால் அதன் பின்விளைவாக, முதலாம் படிவ ஆசிரியர் கையில் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லாமல் போய்விட்டது.

இதற்கு அனுபவமுள்ள ஆசிரியர்கள் வைத்திருக்கும் மருந்து, பழைய சொல்வதெழுதுதல்தான். முதல் வாரமே பத்து வரி சொல்லி எழுதச் சொன்னால் வகுப்பின் நாடி தெரிந்துவிடும். "பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போனேன்" என்று சொன்னால், ஒரு மாணவன் "பல்லி விடுமுரையில்" என்று எழுதுவான். பக்கத்தில் இருப்பவள் ஒற்று ஒன்றைக்கூட விட்டுவிடாமல் எழுதியிருப்பாள். கடைசி வரிசையில் ஒருவன் முதல் சொல்லோடு நின்று, பென்சிலைச் சீவிக்கொண்டிருப்பான். மூவருக்கும் ஒரே பாடநூல், ஒரே கலைத்திட்டம். கேட்டல், பேச்சு, வாசிப்பு, எழுத்து, செய்யுள், மொழியணி, இலக்கணம் என்று எல்லாவற்றையும் ஒரே வேகத்தில் நகர்த்தச் சொல்கிறது ஆண்டுப் பாடத்திட்டம். கடைசி வரிசைக்காரனுக்கு ல, ள, ழ பிடிபடும் வரை இரட்டைக்கிளவியும் உவமைத்தொடரும் காத்திருக்கலாம். அந்த முடிவை எடுக்கிற துணிச்சல் முதல் ஆண்டு ஆசிரியருக்கு வராது. இரண்டாம் ஆண்டில் வந்தாக வேண்டும்.

முதல் ஆண்டு ஆசிரியரின் அலமாரியைத் திறந்தால் இன்னொன்று தெரியும்: சுருட்டி வைத்த மாஜோங் தாள்கள். இருபத்தோராம் நூற்றாண்டுக் கற்றல் என்று பெயர் வைத்து, குழு பிரித்து, வண்ணப் பேனா கொடுத்து, வரைபடம் போட்டு, சுவரில் ஒட்டி, கைதட்டி முடித்த நடவடிக்கைகளின் மிச்சம். மேற்பார்வைக்கு அதிகாரி வரும் நாளில் அவை அழகாகத்தான் இருக்கும். ஆனால் குழுவில் எழுதியது ஒருத்தி, மற்ற நான்கு பேர் பேனா மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள் என்பது ஆசிரியருக்கே தெரியும். இந்த விடுமுறையில் அதில் பாதியைத் தயங்காமல் தூக்கிப் போடலாம். மிச்சம் பாதியில், ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பத்தியாவது சொந்தமாக எழுதிய நடவடிக்கை எது என்று பார்த்து, அதை மட்டும் மறுபடி செய்தால் போதும்.

பாடத்துக்கு வெளியே இருக்கும் சுமை தனிக்கதை. தமிழாசிரியர் பெரும்பாலும் நன்னெறிக் கல்வியும் எடுப்பார். புறப்பாடத்தில் ஏதாவதொரு சீருடை இயக்கம் தலையில் விழும். யாராவது விடுப்பு எடுத்தால் ரிலிஃப் வகுப்பு. பள்ளியில் தமிழுக்கு அவர் ஒருவரே என்பதால், ஐயம் கேட்கவும் பக்கத்து மேசையில் ஆள் இல்லை. கல்வியமைச்சிடம் புதிய ஆசிரியர் மேம்பாட்டுத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. வழிகாட்டி ஆசிரியர் ஒருவரை நியமிக்கவும் செய்கிறார்கள். வழிகாட்டி கணித ஆசிரியராக இருந்தால், வகுப்பைக் கட்டுக்குள் வைக்கச் சொல்லித்தரலாம். செய்யுளை எப்படி நடத்துவது என்று சொல்ல முடியுமா? சிங்கப்பூரில் புதிய ஆசிரியருக்கு முழுச் சுமையில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாடவேளையே கொடுத்து, மிச்ச நேரத்தில் மூத்தவர்களின் வகுப்பில் உட்கார்ந்து பார்க்க விடுகிறார்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரம் பயிற்சிக்கும் உரிமை உண்டு. நமக்கு அந்த அளவுக்கு வரக் காலமாகும். ஆனால் கிள்ளான் மாவட்டத்து இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியர்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் தேர்வுத்தாள்களைப் பகிர்வதோடு நிற்காமல், மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார யாருடைய சுற்றறிக்கையும் தேவையில்லை. பள்ளி முதல்வரின் அனுமதி போதும்.

புதிய ஆசிரியர் எதை மாற்ற முடியும் என்று சலித்துக்கொள்கிறவர்கள் சாமுவேல் ஐசாயாவை நினைத்துப் பார்க்கலாம். பகாங்கில் ருஞ்சாங் தேசியப் பள்ளியில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்த மலேசிய ஆசிரியர். இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை என்ற பேச்சை அவர் கேட்டுக்கொண்டு இருந்துவிடவில்லை. உக்குலேலே வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார், பாட்டில் ஆங்கிலம் வந்தது. 2020இல் உலக ஆசிரியர் விருதின் இறுதிப் பத்துப் பேரில் அவரும் ஒருவர். அந்த ஆண்டு விருதை வென்ற மகாராஷ்டிர ஆசிரியர் ரஞ்சித்சிங் டிசலே, பத்து லட்சம் டாலர் பரிசில் பாதியை மற்ற ஒன்பது பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். சாமுவேல் தமக்குக் கிடைத்த பங்கைப் பூர்வகுடிப் பிள்ளைகளின் கல்விக்கே திருப்பினார். அவருடையது தொடக்கப்பள்ளி, பாடம் ஆங்கிலம். நம் பேச்சோ இடைநிலைத் தமிழ். இருந்தாலும், பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று முதலில் பார்த்து அதன் வழியாகப் பாடத்துக்குப் போன முறை, செய்யுள் என்றாலே முகம் சுளிக்கும் முதலாம் படிவத்துக்கு நன்றாகப் பொருந்தும்.

செய்யுளுக்குச் சரக்கு தொலைவில் இல்லை. பண்டமாரானிலிருந்து சிறிது நேரக் கார்ப் பயணத்தில் வந்துவிடும் கேரித் தீவில் 1937இல் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றிய முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரையிலான நூறாண்டுக் கவிதைகளைத் திரட்டி 1997இல் மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியத்தைக் கொண்டுவந்தார். ரப்பர்த் தோட்டமும் செம்பனையும் துறைமுகமும் அதில் பாட்டாக இருக்கின்றன. தன் தாத்தா வேலை பார்த்த தோட்டத்தைப் பாடிய கவிஞர் ஒருவர் இருந்தார் என்று தெரிந்தால், கடைசி வரிசைப் பையனும் தலையைத் தூக்கிப் பார்ப்பான். பாடநூலில் உள்ள செய்யுளை நடத்தும் முன் ஐந்து நிமிடம் இதற்கு ஒதுக்கினால் ஆண்டுப் பாடத்திட்டம் ஒன்றும் கவிழ்ந்துவிடாது.

புதிய ஆசிரியர் தம் பங்கைச் செய்வார் என்றே வைத்துக்கொள்வோம். இன்னொரு தரப்பிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் ஆறாம் ஆண்டை அனுப்பி வைத்த ஆசிரியர்களே, ஆறு ஆண்டு உங்கள் கண்முன் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது எந்த அடைவுநிலைப் பதிவிலும் இல்லை. யார் வாய்விட்டு வாசிக்கக் கூச்சப்படுவான், யார் கதை எழுதுவாள், யாருடைய வீட்டில் தமிழ்ப் பேச்சே இல்லை, எந்தப் பெற்றோரிடம் யார் பேசினால் எடுபடும் என்பதெல்லாம் உங்களிடம்தான் இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டு வரியாக ஒரு தாளில் எழுதி, அவர்கள் போகும் இடைநிலைப்பள்ளியின் தமிழாசிரியரிடம் ஜனவரி 12ஆம் தேதிக்குள் கொடுத்துவிடுங்கள். அவர் எண் தெரியாவிட்டால் பள்ளி அலுவலகத்தில் கேட்டால் கொடுப்பார்கள்.