கூட்டு ஒப்பந்தமும் வேலைநிறுத்தமும்

அரசர்க்குரிய உபாயங்கள் நான்கு எனப் பழைய நூல்கள் வகுத்துரைக்கும். இன்சொல் கூறுதல், பொருள் கொடுத்தல், பிரித்தல், ஒறுத்தல் என்பன அவை. ஒறுத்தல் இறுதியில் வைக்கப்பெற்றது. ஆயினும் வரிசையினின்று நீக்கப்பெறவில்லை. தொழிற்சங்கத்தின் கையிலுள்ள வேலைநிறுத்தமும் அத்தகையதே. பேச்சு முறிந்த பின்னர் எழும் பூசல் என்றே அதனைப் பலர் கருதுவர். பேச்சு நடைபெறும்போதே அதற்கு வலிமை தந்து நிற்பது அது என்பதை எண்ணுவார் சிலரே.

தனியொரு தொழிலாளி கூலி உயர்வு கேட்டால், முதலாளி மறுத்துவிட்டு வேறொருவரை அமர்த்திக்கொள்ளலாம். எல்லாரும் ஒன்றுகூடிக் கேட்கும்போது அது இயலாது. அவ்வாறு கூடிப் பேசிக் கூலி, வேலை நேரம், விடுமுறை முதலியவற்றை எழுத்தில் வரையறுப்பதே கூட்டு ஒப்பந்தம். உடன்பாடு ஏற்படாவிடின் உழைப்பு நின்றுபோகலாம் என்னும் எண்ணம் இரு தரப்பாரிடத்தும் இருக்கும். வேலை நின்றால் தொழிலாளி நாட்கூலியை இழப்பான். முதலாளி உற்பத்தியை இழப்பார். இவ்விரு இழப்பையும் எடைபோட்டுப் பார்த்தே இரு தரப்பாரும் இறங்கி வருகின்றனர்.

கூடிப் பேசுதற்கு வழியே இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்குக் கிள்ளான் வட்டாரம் சான்று. 1941ஆம் ஆண்டில் அங்குள்ள ரப்பர்த் தோட்டத் தமிழர், சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர். அதனோடு அவர்கள் நிற்கவில்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடை ஒழிப்பு, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியனவும் வேண்டினர். துரையைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டனர். கூலியைவிட மானத்தைப் பெரிதாக மதித்த கோரிக்கை இது. அவ்வாண்டு மே மாதத்தில் தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் தோட்டந்தோறும் பரவியது. அரசு படையை அழைத்தது. தொழிலாளர் சிலர் சுடப்பட்டு மாண்டனர். அமர்ந்து பேச இடமில்லாமையால், கேள்வியும் மறுப்பும் தெருவில் மோதிக்கொண்டன.

போருக்குப் பின் நிலை மாறிற்று. 1954இல் பல சங்கங்கள் ஒன்றிணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று, பி. பி. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். தோட்ட முதலாளிமார் சங்கத்தோடு பேசி, நாடளாவிய ஒப்பந்தம் காணும் முறை இதனால் வலுப்பெற்றது. ரப்பர் விலைக்கேற்பக் கூலி ஏறி இறங்கும் ஏற்பாடும் அக்கால ஒப்பந்தங்களில் இடம்பெற்றது.

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சுக்கு ஒழுங்கான படிகளை அமைத்தது. முதலாளி ஏற்றுக்கொண்ட சங்கம் முதலில் பேச்சுக்கு அழைப்பு விடுக்கும். உடன்பாடு எட்டாவிடின் அமைச்சின் அதிகாரிகள் சமரசம் செய்ய முயல்வர். அதுவும் பயன் தராதபோது, வழக்கு தொழில்துறை நடுவர் மன்றத்தை அடையலாம். மன்றம் வழக்கை ஏற்றபின் வேலைநிறுத்தம் செய்வது சட்டத்துக்கு மாறானது. உடன்பாடு எட்டினால், அம்மன்றம் சான்றளித்த ஒப்பந்தம் இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும். 1968இல் செய்யப்பட்ட திருத்தம் பணி உயர்வு, பணி மாற்றம், ஆட்குறைப்பு முதலியவற்றைப் பேச்சின் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இவ்வாறு படிகள் பெருகப் பெருக, வேலைநிறுத்தமும் அருகியது.

அருகிய கருவி மழுங்கிவிட்டதோ என்னும் ஐயத்திற்கு 1986 ஜனவரி விடை தந்தது. எண்ணெய்த் துரப்பணக் கருவிகள் செய்யும் ஹைட்ரில் என்னும் அமெரிக்க நிறுவனத்தில், சங்கத்தினரை நடத்திய முறைபற்றிப் பூசல் எழுந்தது. தேசியத் தொழிற்சங்கக் காங்கிரசின் தலைமைச் செயலாளரும் அமைச்சருமான ஓங் டெங் சியோங் வேலைநிறுத்தத்துக்கு இசைவளித்தார். அமைச்சரவைக்கு அதனை முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று அவரே பின்னாளில் கூறினார். அறுபத்தொரு தொழிலாளர் வேலையை நிறுத்தினர். இரண்டே நாளில் பூசல் தீர்ந்தது. சங்கம் ஒருபோதும் வேலையை நிறுத்தாது என்று நிருவாகம் நம்பியிருக்குமாயின், அந்நம்பிக்கை அன்றே தகர்ந்தது.

எனவே, வேலைநிறுத்தம் எத்தனை முறை நிகழ்ந்தது என்பதைக்கொண்டு சங்கத்தின் வலிமையை அளத்தல் பொருந்தாது. அடிக்கடி எடுக்கும் சங்கம் தன் உறுப்பினரின் அடுப்பை அணைக்கும். எடுக்கவே மாட்டாதெனப் பெயர்பெற்ற சங்கத்தின் சொல்லோ செவியில் ஏறாது. கிள்ளான் தொழிலாளரிடம் ஒறுத்தல் இருந்தது, பேச இடம் இல்லை, உயிர்கள் போயின. பேச இடமும், தேவையெனில் நிறுத்தும் துணிவும் ஒருங்கே அமையும்போதுதான் ஒப்பந்தத்தில் இடும் கையெழுத்துக்கு மதிப்பு உண்டாகிறது.