ரூவி: வாக்கில்லாத குடியிருப்பாளர் நகராட்சியைக் கேள்வி கேட்க முடியுமா?

ஓமான் தலைநகர் மஸ்கட்டின் வர்த்தக மையமான ரூவி, குன்றுகள் சூழ்ந்த ஒரு பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது. தமிழர்கள், மலையாளிகள், வங்கதேசத்தவர், பாகிஸ்தானியர் எனத் தெற்காசியத் தொழிலாளர்களும் கடைக்காரர்களும் நெருக்கமாக வாழும் பகுதி இது. மழை பெய்தால் குன்றுகளிலிருந்து வரும் நீர் தெருக்களில் ஓடுகிறது. சாலை தோண்டப்பட்டால் கடையின் வியாபாரம் படுத்துவிடுகிறது. இத்தகைய முடிவுகளை எடுப்பது, தமிழர்கள் பேச்சு வழக்கில் பலதியா என்று குறிப்பிடும் மஸ்கட் நகராட்சி.

அந்த முடிவு தவறானது என்று கருதும் ஒரு குடியிருப்பாளர் அதை எங்கே சொல்வது, சொன்னால் பத்திரிகைகள் அதை வெளியிடுமா என்ற கேள்விகள் வளைகுடாவில் வாழும் தமிழர்கள் அனைவருக்கும் பொருந்துபவை.

தேர்தல் உண்டு, வாக்கு இல்லை

2011 ஆம் ஆண்டு அரபு நாடுகளில் எழுந்த கிளர்ச்சி அலை ஓமானின் சொஹார் நகரையும் தொட்டது. அதையடுத்து அறிவிக்கப்பட்ட சீர்திருத்தங்களுள் நகராட்சி மன்றங்களும் ஒன்று. முதல் நகராட்சி மன்றத் தேர்தல் 2012 டிசம்பரில் நடந்தது. தொடர்ந்து 2016 இலும் 2022 இலும் தேர்தல்கள் நடைபெற்றன.

ஆனால் இம்மன்றங்களின் பணி பெரும்பாலும் ஆலோசனையும் பரிந்துரையும் வழங்குவதாகவே உள்ளது. மேலும், வாக்களிக்கும் உரிமை ஓமான் குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. 2020 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் வசித்த சுமார் 45 லட்சம் பேரில் ஏறத்தாழ 39 சதவீதத்தினர் வெளிநாட்டவர். முப்பது ஆண்டுகள் ரூவியில் கடை நடத்தி, நகராட்சிக்கு உரிமக் கட்டணம் செலுத்திவரும் ஒருவருக்கும் தமது பகுதியின் உறுப்பினரைத் தெரிவு செய்யும் உரிமை கிடையாது.

வாக்கு இல்லாத இடத்தில் மக்களின் குறையை அதிகாரிகளிடம் கொண்டுசெல்லக்கூடிய மற்றொரு வழி பத்திரிகை. அங்கே நிலைமை மேலும் சிக்கலானது.

"அஸ்ஸமன்" வழக்கு

ஓமானில் பத்திரிகைகள் நீண்ட காலம் 1984 ஆம் ஆண்டின் அச்சு மற்றும் வெளியீட்டுச் சட்டத்தின் கீழ் இயங்கின. அதற்குப் பதிலாகப் புதிய ஊடகச் சட்டம் ஒன்று 2024 நவம்பரில் அரச ஆணையின் மூலம் பிறப்பிக்கப்பட்டது. நாட்டின் அடிப்படைச் சட்டம் கருத்துச் சுதந்திரத்தை ஏற்றுக்கொண்ட போதிலும், அது சட்டத்தின் வரம்புகளுக்கு உட்பட்டது என்றே கூறுகிறது. அந்த வரம்பு எங்கே இருக்கிறது என்பதை "அஸ்ஸமன்" நாளிதழின் கதை காட்டுகிறது.

தனியாருக்குச் சொந்தமான இந்த அரபு நாளிதழ், நீதித்துறையின் உயர்மட்டத்தில் முறைகேடு நடந்ததாகக் குற்றம்சாட்டும் செய்தியை 2016 ஜூலை 26 அன்று வெளியிட்டது. இரண்டு நாட்களில் தலைமை ஆசிரியர் இப்ராஹிம் அல் மாமரி கைது செய்யப்பட்டார். மேலும் இரண்டு பத்திரிகையாளர்களும் தடுத்து வைக்கப்பட்டனர். ஆகஸ்ட் 9 ஆம் தேதி தகவல் அமைச்சகம் நாளிதழை மூட உத்தரவிட்டது.

அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூவரில் ஒருவரை விடுவித்து, மற்ற இருவரின் தண்டனையைக் குறைத்து, நாளிதழை மூடும் உத்தரவையும் ரத்துச் செய்தது. ஆனால் 2017 அக்டோபரில் உச்சநீதிமன்றம் நாளிதழை மூடும் முடிவையே உறுதிப்படுத்தியது.

குடிமக்கள் நடத்திய ஒரு நாளிதழுக்கே இந்த நிலை என்றால், வெளிநாட்டவர் பணியாற்றும் செய்தி அறைகள் எச்சரிக்கையாக இருப்பது எதிர்பார்க்கக்கூடியதே. சாலைப்பள்ளம் பற்றிய குறை வெளியாகலாம். ஆனால் அந்தச் சாலைக்கான பணம் எப்படிச் செலவிடப்பட்டது என்ற கேள்வி அச்சேறுவது கடினம்.

சமூக வலைதளங்களில் தாமே எழுதுவதிலும் அபாயம் உண்டு. 2011 ஆம் ஆண்டின் இணையக் குற்றத் தடுப்புச் சட்டம், பொது ஒழுங்கைப் பாதிப்பதாகக் கருதப்படும் இணையப் பதிவுகளுக்குச் சிறைத் தண்டனை விதிக்கிறது. தனிநபரின் அந்தரங்கத்தை மீறும் செய்தி உண்மையானதாக இருந்தாலும் குற்றமாகும் என்று அது கூறுகிறது. வேலையும் விசாவும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட தொழிலாளிக்கு, ஒரு பதிவின் விலை நாடு கடத்தலாகவும் இருக்கலாம்.

தொற்றுக் காலத்தில் வந்த சோதனை

இந்த நிலையின் விளைவுகளை ரூவி 2020 இல் நேரடியாக உணர்ந்தது. கொரோனா பரவலையடுத்து, அச்சுப் பத்திரிகைகளை அச்சிடுவதும் விநியோகிப்பதும் அவ்வாண்டு மார்ச் மாதப் பிற்பகுதியில் நிறுத்தப்பட்டன. வெளிநாட்டு இதழ்களின் விற்பனைக்கும் இத்தடை பொருந்தியது. தாள் மூலம் கிருமி பரவலாம் என்ற அச்சமே இதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது.

ரூவியை உள்ளடக்கிய முத்ரா விலாயத் ஏப்ரல் 1 முதல் தனிமைப்படுத்தப்பட்டது. மஸ்கட்டின் மற்ற பகுதிகளுக்கான தடை மே இறுதியில் விலக்கப்பட்ட பின்னரும் முத்ராவில் அது தொடர்ந்தது. நோய்த்தடுப்புக்கு இந்த முடிவு தேவைப்பட்டிருக்கலாம். வெளிநாட்டவருக்கும் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக வழங்கப்பட்டன என்பதும் குறிப்பிடத்தக்கது. ஆனால் ஒரே அறையில் பலர் தங்கியிருந்த தொழிலாளர்களுக்கு உணவும் வாடகையும் எப்படி என்ற கேள்வியை, அவர்களது மொழியில் கேட்பதற்கான மேடை மிகக் குறைவாகவே இருந்தது. அந்த இடத்தை வதந்திகளும் கைபேசித் தகவல்களும் நிரப்பின.

தமிழகம் தந்த தீர்ப்பு

அரசு அமைப்பு ஒன்று தன்மீதான விமர்சனத்துக்காக வழக்குத் தொடுக்கலாமா என்ற கேள்விக்கு உலகின் வேறு பகுதிகளில் வேறு விடைகள் கிடைத்துள்ளன. உள்ளூராட்சி மன்றம் அவதூறுக்காக வழக்குத் தொடர முடியாது என்று பிரிட்டனின் பிரபுக்கள் சபை 1993 இல் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டே, "நக்கீரன்" இதழ் தொடர்பான ராஜகோபால் வழக்கில் இந்திய உச்சநீதிமன்றம் அதே கொள்கையை ஏற்றது. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்காக நஷ்டஈடு கோர முடியாது என்று அது கூறியது.

இருப்பினும் இந்தியாவில் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீடித்தது. பத்திரிகை ஆசிரியர்கள் மீது தமிழக அரசு தொடுத்திருந்த பல அவதூறு வழக்குகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2020 மே மாதத்தில்தான் ரத்துச் செய்தது. இலங்கையோ குற்றவியல் அவதூறுச் சட்டத்தை 2002 இலேயே நீக்கிவிட்டது. ஆனாலும் அங்கு அதன்பின் பத்திரிகையாளர்கள் கொல்லப்பட்டதை நினைவுகூர்ந்தால், சட்டம் மட்டுமே போதாது என்பது புலனாகும்.

எஞ்சியுள்ள வழி

ரூவியில் உள்ளவர்களுக்கு நடைமுறையில் எஞ்சியிருப்பது முறையீடு. நகராட்சியிடம் தொலைபேசியிலோ நேரிலோ புகார் அளிக்கலாம். குப்பை, சாக்கடை, தெருவிளக்கு போன்றவற்றுக்கு இவ்வழி பயன்படக்கூடும்.

ஆனால் புகார் வேறு, விமர்சனம் வேறு. அடைபட்ட சாக்கடையைத் திறக்கும்படி கேட்பது புகார். ஒவ்வொரு மழையிலும் அது ஏன் அடைபடுகிறது என்று ஊரறியக் கேட்பது விமர்சனம். 2007 இல் கோனு, 2021 இல் ஷாஹீன் ஆகிய புயல்கள் மஸ்கட்டை வெள்ளக்காடாக்கின. ஷாஹீன் புயலின்போது ருசைல் தொழிற்பேட்டைப் பகுதியில் தங்குமிடத்தின் மீது குன்று சரிந்து ஆசியத் தொழிலாளர்கள் இருவர் உயிரிழந்தனர். தங்குமிடம் எங்கே அமையலாம், வெள்ளநீர் எவ்வழி செல்ல வேண்டும் என்பவை நகர நிர்வாகம் எடுக்கும் முடிவுகள்தான்.

அந்த முடிவுகளின் விளைவை முதலில் அனுபவிப்பவர்களுக்கு அவற்றைப் பற்றிப் பேச இடமில்லாதபோது, தவறுகள் மழை வந்த பிறகே வெளியே தெரிகின்றன.