மாத்திரை தருமுன் பெயர் கேட்பது ஏன்?

"மூணு நாளா இதே கட்டில்லதான் கிடக்கேன். இன்னுமா என் பேரு தெரியல?" என்று மூதாட்டி ஒருவர் எங்கள் செவிலியரிடம் அண்மையில் கடிந்துகொண்டார். நியாயமான கேள்விதான். அதற்குரிய விடையை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

மலைக்கோயிலில் வீற்றிருக்கும் சேர்வராயன் பெயரையே பிள்ளைகளுக்கு இடும் வழக்கம் நம் மலையூர்களில் உண்டு. ஆகவே, ஒரே பெயருடைய இருவர் அடுத்தடுத்த கட்டில்களில் இருப்பது எங்களுக்குப் புதிதன்று. சில காலத்துக்கு முன் ஓர் இரவில், அவ்வாறு இருந்த இருவருள் ஒருவருக்குரிய சர்க்கரை நோய் மாத்திரை மற்றவர் கைக்குச் சென்றுவிட்டது. துணைக்கு இருந்த மகன், "எங்கப்பாவுக்குச் சர்க்கரையே இல்லைங்களே" என்று தடுத்ததால் அது வாய்க்குப் போகவில்லை. போயிருந்தால், உறக்கத்திலேயே இரத்தச் சர்க்கரை வெகுவாகக் குறைந்து அவர் நினைவிழந்திருக்கலாம்.

பணியில் இருந்த செவிலியரைக் கண்டித்து முடித்துக்கொள்வது எங்களுக்கு எளிது. ஆனால் மறுநாள் இரவும் அதே இரு பெயர்கள், அதே மருந்துத் தட்டு. செவிலியர் மட்டுமே வேறொருவர். எனவே "யார் செய்தது?" என்பதை விடுத்து, "எப்படி நேர்ந்தது?" என்று கேட்டோம். இவ்வாறு கேட்கும் முறை மருத்துவமனையில் பிறந்ததன்று. தொலைபேசிக் கருவிகள் செய்த தொழிற்சாலையில் பிறந்தது.

அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில், செய்து முடித்த பொருள்களைச் சோதித்துப் பழுதானவற்றைக் கழிப்பதே தரம் காக்கும் வழியாக இருந்தது. அங்குப் பணியாற்றிய வால்டர் ஷூஹார்ட், 1924 மே 16 அன்று ஒரு பக்கக் குறிப்பு ஒன்றைத் தம் மேலதிகாரிக்கு அளித்தார். அதில் ஒரு வரைபடம் இருந்தது. எந்த வேலையிலும் ஏற்ற இறக்கம் இருக்கும். அவற்றுள் வழக்கமானது எது, தனிக் காரணத்தால் வந்தது எது என்று அந்த வரைபடம் பிரித்துக் காட்டியது. புற நோயாளர் பிரிவில் ஒருநாள் முக்கால் மணி நேரமும் மறுநாள் ஒரு மணி நேரமும் காத்திருக்க நேர்வது வழக்கமான ஏற்ற இறக்கம். மலைப்பாதையில் மண் சரிந்து, மருத்துவர் சேலத்திலிருந்து ஏறி வர இயலாமற்போன நாள் வேறு. இரண்டாவதற்கு அந்த நாளின் காரணத்தைத் தேடினால் போதும். முதலாவதைக் குறைக்க வேண்டுமானால் சீட்டுப் பதிவு முதல் மருந்தகம் வரை முறையையே மாற்ற வேண்டும். எவரையும் கடிந்து பயனில்லை.

காபித் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பழுத்ததையும் காயையும் கலந்து பறித்துவிட்டால், பின்னர் எத்தனை முறை தரம் பிரித்தாலும் சுவை முழுமையாகத் திரும்பாது. தரத்தைப் பறிக்கும் கையிலேயே காக்க வேண்டும்.

ஷூஹார்ட் 1947-48இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆதரவில் தம் முறையை விளக்கினார். அவர் வழிவந்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானில் பாடம் நடத்தினார். திட்டமிடு, செய்து பார், ஆராய், திருத்து என்னும் சுழற்சி அங்குத்தான் தொழிலாளர் வரை வேரூன்றியது. டெமிங் பெயரால் 1951இல் ஜப்பானியர் நிறுவிய விருதை, 1998இல் சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. இதற்கிடையில் மோட்டோரோலா நிறுவனம் 1980களில் 'சிக்ஸ் சிக்மா' என்ற பெயரில் பத்து இலட்சம் வாய்ப்புகளுக்கு 3.4 பிழை என்ற இலக்கை வகுத்தது. பெயர்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. சில வெறும் விளம்பரமாகவும் போயின என்பது எங்கள் எண்ணம்.

மருத்துவத்தில் இதன் பயன் சிறிதன்று. உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலைப் புதுதில்லி உட்பட எட்டு நகர மருத்துவமனைகளில் பயன்படுத்திப் பார்த்தனர். இறப்பு 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்ததென 2009இல் வெளியான ஆய்வு கூறியது. அப்பட்டியலின் முதல் வேலைகளுள் ஒன்று, நோயாளி இன்னார்தாம் என்று உறுதி செய்வதே.

எங்கள் வார்டுக்கு வருவோம். முதலில், ஒரே பெயருடையோர் கட்டில்களில் நிறத்தாள் ஒட்டினோம். அது பயன் தரவில்லை. நோயாளியை வேறு கட்டிலுக்கு மாற்றியபோது தாள் பழைய கட்டிலிலேயே தங்கிவிட்டது. ஆராய்ந்தபின், பெயரும் மருத்துவமனைப் பதிவு எண்ணும் எழுதிய பட்டையை நோயாளியின் கையிலேயே கட்டினோம். "நீங்கள் இன்னார்தாமே?" என்று கேட்பதையும் நிறுத்தினோம், அரைத் தூக்கத்தில் இருப்பவர் எந்தப் பெயருக்கும் "ஆம்" என்றுவிடுவார். இப்போது, "உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, பட்டையோடு ஒப்பிட்ட பின்னரே மாத்திரை தருகிறோம்.

நோயாளி பேச இயலாத நிலையில் இருந்தால், துணைக்கு இருப்பவர் பெயரைச் சொல்லுங்கள். புதிதாக ஒரு மாத்திரை வந்தால் எதற்கென்று தயங்காமல் கேளுங்கள். பட்டை இறுக்கினாலோ எழுத்து அழிந்தாலோ செவிலியரிடம் சொன்னால் உடனே மாற்றித் தருவார். குளிக்கும்போதும் அதைக் கழற்ற வேண்டாம்.