நெஞ்சில் குத்திய முகம்: 1896 தேர்தல் பேட்ஜ்

1789-ல் ஜார்ஜ் வாஷிங்டன் அமெரிக்க அதிபரானபோது, அதைக் கொண்டாடியவர்கள் உலோகப் பொத்தான்களைக் கோட்டில் தைத்துக்கொண்டார்கள். வேட்பாளர் லிங்கனின் முகம் 1860-ல் அணிந்துகொள்ளும் தகரப் புகைப்படமாக வந்தது. ஆனால் சாதாரண உழைப்பாளியின் சட்டைக்கும் வேட்பாளரை மலிவாகக் கொண்டுவந்து சேர்த்தது 1896 தேர்தல்தான்.

அந்த ஆண்டு நெவார்க் நகரின் ஒயிட்ஹெட் அண்ட் ஹோக் நிறுவனம் செல்லுலாய்டு பேட்ஜுக்குக் காப்புரிமை பெற்றது. அச்சிட்ட தாள், அதன்மேல் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு ஏடு. இரண்டையும் வட்டமான உலோக வில்லையோடு சேர்த்து இறுக்கும் உலோக வளையம். பின்புறம், வளையத்துக்குள் தன் விறைப்பிலேயே நிற்கும் கம்பி ஊசி. எவ்வளவு எளிய, எவ்வளவு அழகான யோசனை!

அன்றைய தேர்தல் சண்டை, நாணயத்துக்குத் தங்கம் மட்டுமா, வெள்ளியுமா என்பதைப் பற்றியது. தங்கத்தின் பக்கம் நின்ற குடியரசுக் கட்சி வேட்பாளர் மெக்கின்லியின் ஆதரவாளர்கள் தங்க வண்டு சின்னத்தைக் குத்திக்கொண்டார்கள். வெள்ளியை ஆதரித்த ஜனநாயகக் கட்சி வேட்பாளர் பிரையன் பக்கம் நின்றவர்கள் ‘16-க்கு 1’ என்று அணிந்தார்கள்: பதினாறு பங்கு வெள்ளிக்கு ஒரு பங்கு தங்கம். வெள்ளியால் பணம் பெருகினால் கடன் சுமை குறையும் என்பதால், கடனில் தவித்த விவசாயிகள் பலருக்கு அந்த எண்ணே நம்பிக்கை. எதிரே வருபவர் வாய் திறக்குமுன்பே அவர் கட்சி தெரிந்துவிடும்.

சேகரிப்பவர்கள் முதலில் பேட்ஜைத் திருப்பித்தான் பார்ப்பார்கள். தயாரித்தவர் பெயர் அச்சிட்ட தாள் பல பேட்ஜ்களின் பின்குழிவில் இன்னும் இருக்கிறது. முன்பக்க விளிம்பில் பழுப்புக் கறை படர்ந்திருந்தால், செல்லுலாய்டுக்குள் ஈரம் புகுந்திருக்கிறது என்று பொருள்.