அக்கரை தெரியும் ஊர்

ஸ்லோவாக்கியாவின் தென்கோடியில், டான்யூப் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது ஷ்டூரோவோ. மக்கள்தொகை சுமார் 10 ஆயிரம். இந்த ஊரில் எடுக்கப்படும் புகைப்படங்களில் அடிக்கடி இடம்பெறும் கட்டடம் ஊருக்குள் இல்லை, நாட்டுக்குள்ளும் இல்லை. எதிர்க்கரையில், ஹங்கேரியின் எஸ்டெர்கோம் நகரக் குன்றின்மேல் நிற்கும் பெருந்தேவாலயம் அது. 1856இல் அர்ச்சிக்கப்பட்டது, ஹங்கேரியிலேயே பெரியது. ஆனால் அதன் முழு உருவத்தையும் ஆற்றோடு சேர்த்துப் பார்க்க ஷ்டூரோவோ பக்கம்தான் வரவேண்டும்.

ஊரின் கதையும் இப்படித்தான், அக்கரையை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

1543இல் எஸ்டெர்கோமைப் பிடித்த துருக்கியர், அதற்குக் காவலாக இக்கரையில் ஒரு கோட்டை எழுப்பினார்கள். பார்க்கான் என்று அறியப்பட்ட அந்த இடத்தில்தான் 1683 அக்டோபரில் ஒரு பெரும்போர் நடந்தது. துருக்கியரின் வியன்னா முற்றுகையை முறியடித்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போலந்து மன்னர் யான் சோபியெஸ்கி வெற்றிக் களிப்பில் இருந்தார். அக்டோபர் 7ஆம் தேதி, கூட்டணிப் படை முழுதும் வந்து சேருமுன்பே தன் குதிரைப்படையோடு பாய்ந்தார். துருக்கியத் தளபதி காரா மெஹ்மெத் பாஷாவின் வீரர்கள் அதைச் சிதறடித்தார்கள். மன்னரே உயிர் தப்பியது பெரும்பாடாயிற்று. இரண்டு நாள் கழித்து, லொரேன் கோமகன் சார்லஸின் படையும் சேர்ந்துகொண்டதும் நிலைமை தலைகீழானது. தோற்று ஓடிய துருக்கியர் எஸ்டெர்கோமுக்குச் செல்லும் படகுப் பாலத்தில் முண்டியடிக்க, பாலம் அறுந்தது. ஆற்றில் மூழ்கியவர்கள் ஏராளம். அதே மாதத்தில் எஸ்டெர்கோமும் சரணடைந்தது. சோபியெஸ்கிக்கு இன்று ஆற்றங்கரையில் சிலை இருக்கிறது. முதல்நாள் அவர் பட்ட பாட்டைச் சிலையைப் பார்த்து ஊகிக்க முடியாது.

படகுப் பாலங்களின் காலம் 1895இல் முடிந்தது. சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு, ஐந்து கண்களோடு இரும்புப் பாலம் ஒன்று எழுந்தது. பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் மகள் மரியா வலேரியாவின் பெயரை அதற்கு வைத்தார்கள். கட்டும்போது இரு கரையும் ஒரே நாடு. முதல் உலகப்போர் முடிந்ததும் ஆறு எல்லைக்கோடாகிவிட்டது. இக்கரை செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போனது. 1919இல் நடந்த மோதலில் பாலத்தின் ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 1920களில் சீரமைத்தார்கள். 1938இல் எல்லையே இடம் மாறி, ஊர் மறுபடி ஹங்கேரிக்குள் வந்தது. 1944 டிசம்பர் 26ஆம் தேதி, பின்வாங்கிய ஜெர்மானியப் படை பாலத்தின் நடுவிலிருந்த மூன்று கண்களையும் தகர்த்துவிட்டுப் போனது.

போர் முடிந்தபின் இக்கரை மீண்டும் செக்கோஸ்லோவாக்கியாவானது. அதுவும் ஹங்கேரியும் இரண்டுமே சோஷலிச முகாமைச் சேர்ந்த நாடுகள். மேடைகளில் சகோதர நாடுகள் என்று சொல்லிக்கொண்டன. இருந்தும் பாலத்தை எடுத்துக் கட்ட யாரும் அவசரப்படவில்லை. இரு கரைகளிலும் மொட்டையாய் நின்ற துண்டுகளைப் பார்த்தபடியே ஒரு தலைமுறை வளர்ந்து முதுமையடைந்தது.

1948இல் ஊரின் பெயரும் மாறியது. ஸ்லோவாக் இலக்கிய மொழிக்கு 1843இல் வடிவம் கொடுத்த லூடோவீட் ஷ்டூரின் நினைவாக வைத்த பெயர்தான் ஷ்டூரோவோ. ஊரில் பெரும்பான்மையினரின் தாய்மொழி ஹங்கேரியம் என்பதைக் கவனித்தால், அந்தத் தேர்வில் இருந்த அரசியல் விளங்கும். அவர்கள் பேச்சில் ஊர் இன்றும் பார்க்கான்தான்.

பாலத்தைக் கட்ட 1999இல்தான் ஒப்பந்தமானது. ஐரோப்பிய ஒன்றியமும் பணம் கொடுத்தது. தப்பிப் பிழைத்த இரண்டு ஓரக் கண்களைப் பழுது பார்த்து, இடையில் மூன்று கண்களைப் பழைய தோற்றத்திலேயே அமைத்தார்கள். 2001 அக்டோபர் 11ஆம் தேதி பாலம் திறக்கப்பட்டது. கிட்டத்தட்ட 57 ஆண்டு இடைவெளி! 2007 டிசம்பரில் இரு நாடுகளும் ஷெங்கன் பகுதிக்குள் வந்தபின் எல்லைச் சோதனையும் போயிற்று. 2009 முதல் ஸ்லோவாக்கியாவில் யூரோ, அக்கரையில் ஃபோரின்ட். நாணயம் மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை.

ஊருக்குள் பார்க்கவேண்டிய கட்டடங்கள் அதிகமில்லை. புனித இம்ரே தேவாலயம் ஒன்று, பாதசாரிகளுக்கான கடைத்தெரு ஒன்று. கோடையில் கூட்டம் மொய்ப்பது வடாஷ் வெந்நீர்க் குளங்களில்தான்; நிலத்தடியிலிருந்து வரும் வெந்நீரில் நடப்பவை அவை. அக்டோபரில் சீமோன்–யூதா திருநாளையொட்டிப் பெரிய சந்தை கூடும்.

பக்கத்துக் கிராமமான கமெனிட்சாவில் ஹ்ரோன் ஆறு டான்யூப்பில் கலக்கிறது. ரோமப் பேரரசர் மார்கஸ் அரேலியஸ் குவாதி இனத்தாரோடு போரிட்ட நாட்களில் இந்த ஆற்றுப் பக்கம்தான் முகாமிட்டிருந்தார். அவரது ‘தியானங்கள்’ நூலில் கிரானுவா என்று வருவது இதே ஹ்ரோன்.

புடாபெஸ்டிலிருந்து ரயிலில் வரலாம். 1850 முதலே இந்தப் பாதை உண்டு. ஆனால் நிலையம் ஊருக்கு வெளியே சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பேருந்து கிடைக்காவிட்டால் நடைதான்.