உங்களுக்குத் தெரியுமா? புல்லில் பிறந்த கருவிகள்

புல்லாங்குழல் என்ற பெயருக்குள்ளேயே ஒரு தாவரவியல் பாடம் இருக்கிறது. மூங்கில் மரமல்ல, புல். நெல்லும் கரும்பும் அறுகும் அதற்குப் பங்காளிகள். தொல்காப்பியத்தின் மரபியல் இந்தப் பாகப்பிரிவினையை எப்போதோ முடித்துவிட்டது: கெட்டியான வயிரப் பகுதி வெளிப்புறம் இருந்தால் புல், உட்புறம் இருந்தால் மரம். (அந்தக் கணக்கில் தென்னையும் பனையும்கூடப் புல் பக்கம்தான் போகும்.)

●

இந்திய அரசு அதே முடிவுக்கு வர 2017 வரை ஆனது. 1927-ஆம் ஆண்டு வனச் சட்டம் மூங்கிலை ‘மரம்’ என்று எழுதி வைத்திருந்தது. அதனால் சொந்தக் கொல்லையில் வளர்ந்ததை வெட்டி வண்டியேற்றக்கூட அனுமதிச் சீட்டுக்கு அலைய வேண்டியிருந்தது. 90 ஆண்டுகள் கழித்து ஒரு திருத்தம் போட்டு, மரம் என்பதற்கான விளக்கத்திலிருந்து மூங்கிலை எடுத்தார்கள். காட்டுக்குள் நிற்கும் மூங்கிலுக்கு மட்டும் பழைய கெடுபிடி தொடர்கிறது.

●

வயிரம் வெளியே இருப்பது குழல் செய்பவருக்கு வெறும் இலக்கண விஷயமில்லை. மூங்கிலின் நார்கள் தோலையொட்டி நெருக்கமாகவும், உள்ளே போகப் போகக் கலைந்தும் இருக்கும். பலம் முழுக்கத் தோலில். ஆகவே அவர் வெளியே கை வைக்கத் தயங்குவார்; உட்புறத்தைத்தான் தேய்த்து வழவழப்பாக்குவார்.

●

மூங்கில் குருத்து மண்ணைவிட்டு வெளியே வரும்போது என்ன பருமனோ, கடைசிவரை அதே பருமன்தான். மரத்தைப்போல ஆண்டுக்கு ஆண்டு இடுப்பு பெருக்காது. வயது ஏற ஏற முற்றும், இறுகும், அவ்வளவே. மூன்று வயதுக்குக் குறைந்ததை வெட்டினால் காயும்போது சுருங்கிக் கோணிக்கொள்ளும். குழல் செய்ய அது உதவாது, பந்தல் போடலாம்.

●

உண்மையில் குழல் செய்பவர் குழலைச் செய்வதில்லை, தேர்ந்தெடுக்கிறார். மரத்தில் ஒரு குழல் வேண்டுமென்றால் கடைசல் பிடித்து, உள்ளே குடைந்து, குழாயை உண்டாக்க வேண்டும். மூங்கிலில் குழாயைக் காடே செய்து கொடுத்துவிடுகிறது. மிச்சமிருப்பது பொறுக்குவது. இரண்டு கணுக்களுக்கு நடுவே ஒரு முழுக் குழல் அடங்க வேண்டும். சுவர் மெல்லியதாக வேண்டும். குறுக்குவெட்டு வட்டமாக இருக்க வேண்டும். முடி அளவு கீறல்கூட ஆகாது. இந்துஸ்தானி இசைக்கான பெரிய ‘பான்சுரி’ குழலுக்கு முக்கால் மீட்டர் நீளத்துக்குக் கணுவே இல்லாத துண்டு தேவைப்படும். எல்லா மூங்கிலும் அப்படி வளராது. அசாம் பக்கத்து மெல்லிய மூங்கில்களுக்கும், கேரள மலைகளில் ‘ஈற்ற’ என்று சொல்லப்படும் இனத்துக்கும் கிராக்கி இதனால்தான்.

●

உத்தரப் பிரதேசத்தின் பீலிபித் குழலுக்குப் பேர்போன ஊர். தலைமுறை தலைமுறையாக அங்கே பல குடும்பங்களுக்கு இதுவே தொழில். மூங்கில் வருவதோ ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அசாமிலிருந்து!

●

துளை போடத் துரப்பணம் வேண்டாம் என்பது பழைய கைகளின் கட்சி. நாரின் போக்கில் மூங்கில் ‘சடக்’கென்று பிளந்துவிடும். பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியை வைத்து அழுத்தினால் நார் வெட்டுப்படாமல் பொசுங்கி வழிவிடுகிறது. துளையின் விளிம்பும் தீய்ந்து இறுகிவிடும்.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில், கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் இடையனும் இதைத்தான் செய்கிறான். தீக்கடைகோலில் நெருப்பு உண்டாக்கி, அந்தக் கொள்ளியால் குழலில் கருந்துளை இடுகிறான். அதை ஊதி அலுத்ததும் குமிழ மரக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி ஒரு வில்யாழும் செய்துகொள்கிறான். மாடு மேய்க்கும் நேரத்தில் இரண்டு வாத்தியம்!

●

துளையிடுவதை விட அச்சமூட்டும் வேலை சுருதி சேர்ப்பது. துளையைப் பெரிதாக்கினால் சுருதி ஏறும். வாய்த்துளைப் பக்கமாக அரக்கினாலும் ஏறும். இறக்க வழியில்லை. எனவே முதலில் சின்னதாகப் போட்டு, ஊதிப் பார்த்து, கொஞ்சம் அரக்கி, மறுபடி ஊதிப் பார்த்து என்று நெருங்குவார்கள். ஒரு தடவை கை மீறினால் மெழுகு வைத்து ஒப்பேற்றலாம். மெழுகு வைத்த குழலைக் கச்சேரிக்கு யார் வாங்குவார்? அது திருவிழாக் கூடைக்குப் போய்விடும்.

●

திருவிழா என்றதும் நினைவு வருகிறது. கழியில் குழல்களைச் சொருகி, நடமாடும் மரம் மாதிரி வருவாரே, அவர் சினிமாப் பாட்டை அப்படியே வாசிப்பார். ஆசைப்பட்டு வாங்கி வந்து நாம் ஊதினால் ‘புஸ்’ என்று காற்று மட்டும் வரும். ஏமாற்றிவிட்டார் என்று சிறுவயதில் பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். தப்பு என் உதட்டில். உதட்டிலிருந்து வரும் காற்று வாய்த்துளையின் எதிர்விளிம்பில் சரியாகப் பட்டு, ஒரு தரம் உள்ளே, ஒரு தரம் வெளியே என்று நொடிக்குச் சில நூறு முறை அலைபாய வேண்டும். கோணம் சற்றுத் தப்பினாலும் வெறும் காற்றுதான்.

●

கொஞ்சம் வருத்தமான செய்தி: குழலில் பாடுவது மூங்கில் இல்லை. உள்ளே இருக்கும் காற்றுத்தூண். துளைகளின் அளவும் இடமும், உட்புற விட்டமும், வாய்த்துளையின் விளிம்பும் அச்சாக ஒன்றாக இருந்தால், சுவர் மூங்கிலா உலோகமா பிளாஸ்டிக்கா என்பது ஒலியில் மிகச் சிறிய வேறுபாட்டையே தருகிறது என்பார்கள் ஒலியியல்காரர்கள். வித்துவான்கள் இதை ஏற்பதில்லை. இரு தரப்பையும் கேட்டுவிட்டு, காதுக்கு இயற்பியலும் விரல்களுக்கு மூங்கிலும் என்று நான் சமாதானம் ஆகிவிட்டேன்.

●

சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் இந்த வழக்கில் தெளிவான தீர்ப்பே சொல்கிறார். மூங்கிலில் செய்தது உத்தமம், வெண்கலம் மத்திமம், மற்றவை அதமம். ஆனால் தம் காலத்தில் கருங்காலி, செங்காலி, சந்தனம் ஆகியவற்றில் செய்வதே வழக்கம் என்றும் ஒளிக்காமல் எழுதுகிறார். வெட்டியதை நிழலில் ஆறப்போட்டு, முறுக்குகிறதா, பிளக்கிறதா என்று ஓராண்டு பார்த்த பிறகே குழல் செய்ய வேண்டுமாம். நீளம் இருபது விரல், சுற்றளவு நாலரை விரல் என்பது அவர் தரும் அளவு. ஒரு விரலைச் சுமார் 2 செ.மீ. என்று வைத்தால் 40 செ.மீ. வருகிறது. இன்றைய கச்சேரி மேடைக் குழலுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

●

மூங்கிலில் மாவுச்சத்து உண்டு. வண்டு அதைத் தேடித்தான் துளைக்கிறது. வெட்டிய மூங்கிலைச் சில வாரம் தண்ணீரில் ஊறப்போடுவது அந்தச் சத்தைக் கரைத்து வெளியேற்றத்தான். தேய்பிறையில் வெட்டினால் உளுக்காது என்ற நம்பிக்கையும் நம் ஊரில் பலமாக உண்டு.

அதே வண்டுக்குக் கபிலர் நன்றி சொல்லியிருப்பார். அகநானூற்றின் 82-ஆம் பாட்டில், வண்டு துளைத்த மூங்கிலுக்குள் மேல்காற்று புகுந்து குழலாக ஒலிக்கிறது. அருவி முழவாகிறது. கலைமான்களின் குரல் தூம்பு என்னும் ஊதுகருவி, தேனீக்கள் யாழ், ஆடுவது மயில். கூட்டமாக உட்கார்ந்து ரசிப்பவை குரங்குகள். தொழிலாளி யாருமே இல்லாத வாத்தியப் பட்டறை!

●

கர்நாடகக் குழலில் வாய்த்துளை போக எட்டுத் துளை. இந்துஸ்தானியில் வழக்கமாக ஆறு. பாரிசாலில் பிறந்த பன்னாலால் கோஷ் (1911–1960) ஏழாவதாக ஒரு துளையைச் சேர்த்தார். நீண்ட குழலைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. தெற்கே அந்த மரியாதையைக் குழலுக்கு வாங்கிக் கொடுத்தவர் கும்பகோணம் சரப சாஸ்திரிகள். பார்வையற்றவர். 1872-ல் பிறந்து 1904-லேயே மறைந்துவிட்டார்.

●

குளிர்சாதன அரங்கில் சுருதி சேர்த்த குழல் வெயில் பந்தலில் ஏறிப் பேசும். காற்று சூடானால் அதில் ஒலி வேகமாக ஓடும். 10 டிகிரி கூடினால், ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த அரைஸ்வரத்துக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மேலே போய்விடும். தம்புராவை முறுக்கலாம், குழலை முறுக்க முடியாது. ஒரு கட்டைக்கு ஒரு குழல் என்று வித்துவான்கள் பை நிறைய எடுத்து வருவது ஆடம்பரத்துக்கல்ல.

●

பறையடிப்பவரின் இரு கைகளில் இருப்பவை ஒரே வகைக் குச்சிகள் அல்ல. நீளமாக, மெல்லியதாக வளைவது மூங்கில் சிம்பு. குட்டையான அடிக்குச்சி பெரும்பாலும் பூவரசு. ஒன்று சுள்ளென்று தெறிக்கும், மற்றது ஓங்கி இறங்கும்.

●

நாகசுரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளி மூங்கிலில் ஆனதல்ல. ஆனாலும் அதே புல் குடும்பம்தான்: கொறுக்கந்தட்டை என்ற நாணல். காவிரிக் கரையில் விளைவது. திருவாவடுதுறையில் அதை நெல்லோடு சேர்த்து வேகவைத்துப் பக்குவப்படுத்துவார்கள். நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையே ஆனாலும் விரல் நீளமுள்ள அந்தப் புல் ஒத்துழைக்க வேண்டும்.

●

சீனத்து ‘டிஸி’ குழலில் விரல் படாத ஒரு துளை உண்டு. வாய்த்துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவே இருக்கும். நாணலின் உள்ளிருந்து உரித்த வெங்காயச் சருகு போன்ற சவ்வை அதன்மேல் ஒட்டுவார்கள். ஊதும்போது அது அதிர்ந்து ஒரு சிணுங்கலைச் சேர்க்கும். ஒட்டும் பசை? அவசரத்துக்குப் பூண்டுச் சாறு.

●

சத்தீஸ்கரின் பஸ்தர் காட்டில் ஒரு குழலை ஊதவே வேண்டாம். கையில் பிடித்துக் காற்றில் வீசினால் போதும், ‘ஊம்’ என்று பாடும். கோண்டு மக்களின் கருவி. இருட்டுப் பாதையில் விலங்குகளை விலக்கவும் உதவும். ‘சுலூர்’ என்ற பெயருள்ள இதைச் செய்யும் பண்டி ராம் மண்டாவிக்கு 2025-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

●

மூங்கிலே பாட வேண்டுமென்றால் ஜாவாவுக்குத்தான் போக வேண்டும். அங்கே மேற்குப் பக்கத்துச் சுண்டா மக்களின் கருவி ‘அங்க்லுங்’. சட்டத்தில் இரண்டு முதல் நான்கு மூங்கில் குழாய்கள் ஊசலாடும். குலுக்கினால் அடிக்குழாயில் மோதிக் கலகலக்கும். ஒவ்வொரு குழாயின் மேல்பாதியும் நாக்குப்போலச் சீவப்பட்டிருக்கும். நாக்கின் நுனியைக் குறைத்தால் சுருதி ஏறும், அடிப்பக்கத்தை மெலிதாக்கினால் இறங்கும். குழல் செய்பவருக்குக் கிடைக்காத வரம்! ஆனால் நாக்கு மட்டும் சேர்ந்தால் போதாது. கீழே மூடிய குழாய்க்குள் இருக்கும் காற்றும் அதே ஸ்வரத்துக்கு இசைய வேண்டும். இல்லையென்றால் ‘டொக்’ என்று செத்த ஒலிதான்.

இதற்கான கருமூங்கிலை ஆண்டில் இரண்டே வாரம், சில்வண்டுகள் பாடும் காலத்தில் வெட்டுகிறார்கள். தரையிலிருந்து மூன்று கணுவாவது விட்டு வெட்ட வேண்டும். வேர் மறுபடி தழைக்கட்டும் என்று.

ஒரு அங்க்லுங்கில் ஒரே ஸ்வரம்தான். ஒரு பாட்டு முழுசாக வர ஊரே கூட வேண்டும். டாயெங் சூட்டிக்னா என்ற ஆசிரியர் 1938-ல் இதை மேற்கத்திய ஸ்வரவரிசைக்கு மாற்றியமைத்தார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக அது பரவியது. 2010-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம் கிடைத்தது. அடுத்த ஆண்டு வாஷிங்டனில் 5,182 பேர் ஒன்றாகக் குலுக்கி கின்னஸில் ஏறினார்கள். தனி ஆவர்த்தனத்துக்கு வழியே இல்லாத வாத்தியம். அதனாலேயே எனக்குப் பிடிக்கும்.

●

பிலிப்பைன்ஸில் மணிலாவுக்கு அருகே லாஸ் பின்யாஸ் தேவாலயத்தில் ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது. மொத்தம் 1,031 குழாய்கள். அவற்றில் 902 மூங்கில். தியேகோ செரா என்ற பாதிரியார் 1816-ல் தொடங்கி 1824-ல் முடித்தார். பூச்சி அரிக்காமலிருக்க மூங்கிலை முதலில் கடற்கரை மணலில் புதைத்து வைத்தார். எக்காள ஒலிக்கு மட்டும் மூங்கில் இசையவில்லை, அங்கே உலோகம். நிலநடுக்கமும் புயலும் போட்டு உலுக்கிய இந்த ஆர்கன் 1973-ல் ஜெர்மனியின் பான் நகருக்குக் கப்பலேறிப் போய், பழுது நீங்கி 1975-ல் ஊர் திரும்பியது. இன்றும் வாசிக்கிறார்கள்.

●

மடகாஸ்கரின் ‘வலிஹா’வுக்குத் தந்தி வாங்கக் கடைக்குப் போக வேண்டியதில்லை. பெரிய மூங்கில் குழாயின் தோலை நூல் நூலாகக் கீறித் தூக்கி, அடியில் சிறு கட்டைகளைச் செருகினால் அதுவே நரம்பு. பிற்காலத்தில் சைக்கிள் பிரேக் கம்பியைப் பிரித்துக் கட்டினார்கள். அதுவும் நன்றாகவே பாடுகிறது.

●

ஜப்பானிய ‘ஷாகுஹாச்சி’யின் பெயர் வெறும் அளவு: ஒரு ஷாகு, எட்டு சுன், அதாவது சுமார் 54.5 செ.மீ. நம்மவர்கள் கணுவே வேண்டாம் என்கிறார்கள். அவர்களோ வேர்ப்பகுதியோடு தோண்டியெடுத்து, கணுக்களை எண்ணி வைத்து, உள்ளே குடைந்து அரக்கு பூசுகிறார்கள்.

●

கிராமபோன் காலத்தில் இரும்பு ஊசி இசைத்தட்டைக் கீறிவிடும் என்று பயந்தவர்கள் மூங்கில் ஊசி வாங்கினார்கள். முக்கோணமாகச் சீவிய சின்னத் துண்டு. ஓரிரு தட்டு ஓடியதும் மழுங்கும். அதற்கென்றே விற்ற குட்டிக் கத்தரியால் நுனியைச் சாய்வாக நறுக்கிவிட்டு, மறுபடி தட்டின் மேல் வைக்க வேண்டியதுதான்.